கேக்கலீங்கப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

போன் சரியாகிவிட்டது. இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. சரி செய்ய எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ மெல்போர்னுக்குப் போறதுக்குள்ள அந்தப் பொட்டிய ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டுப் போ சாமி. உங்கப்பா பேசுன போனுலயே நானும் பேசிக்கறேன்." வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். அதனால் நேற்று காலையில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் அந்தப் பொட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி அளவுதான். ஒரு முனையைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகி, மறுமுனையில் பழைய லேண்ட்லைன் போனை மாட்டினால் இன்டர்நெட் வழியாக எந்த நாட்டுக்கும் பேசலாம். வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன உங்கள் விரலுக்கு டச் போன் மசியவே இல்லை. "இது என்னைய மனுசனாவே மதிக்க மாட்டேங்குது சாமி" என்றீர்கள். ரிசீவரைக் காதில் வைத்தால்தான் பேசிய மாதிரி இருக்கிறது என்றீர்கள். அதற்காகத்தான் வாங்கி அனுப்பினேன்.

வெற்றிலைக் கொடிக்காலில் வேலையை முடித்துக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவீர்கள். எனக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. போன ஆயுத பூஜைக்குப் பிறகுதான் உங்கள் குரல் தலையணையை வாயில் வைத்துப் பேசுவது மாதிரி வர ஆரம்பித்தது. நான் பேசுவது மட்டும் உங்களுக்குக் கணீரென்று கேட்டது. அதனால் என் திட்டில் ஒன்றுகூட உங்களுக்குத் தப்பவில்லை.

எத்தனை திட்டு! கழட்டச் சொன்னேன், மாட்டச் சொன்னேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன், வேறு துளையில் செருகச் சொன்னேன். எழுபது வயது மனிதர் மேசைக்கு அடியில் குனிந்து குனிந்து எழுந்தீர்கள். "நா ஒண்ணையும் தொடல சாமி" என்று நீங்கள் கத்தியது எனக்கு முனகலாகக் கேட்டது. ஒரு நாளாவது நம்பினேனா?

கடைசி நாளும் அப்படித்தான். நீங்கள் நெடுநேரம் ஏதோ சொன்னீர்கள். எனக்குக் கேட்டது "சாமி" என்ற ஒரு சொல் மட்டும். சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமே கேக்கலீங்கப்பா. மறுபடியும் என்னத்தயோ நோண்டிட்டீங்க. கழட்டி மாட்டுங்க, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். நாமக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைகூட நீங்கள் தாங்கவில்லை.

என்ன சொன்னீர்கள் அப்பா? காலையிலேயே வலி இருந்ததா? அம்மாவிடம் கேட்டேன். "நா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன் சாமி. உள்ள வந்து பாத்தா, பாப்பாவுக்குக் கேக்கலையாமான்னு சிரிச்சாரு. அப்பறமும் மூணு தடவ கழட்டிக் கழட்டி மாட்டுனாரு" என்றாள்.

விசைப்பலகைக்கு அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. "கழட்டு. பத்து எண்ணு. மாட்டு. பச்சை லைட் பார். பாப்பாவுக்குக் கேக்கலன்னா கத்திப் பேசு. பாப்பா சத்தம் போட்டா கம்முனு இரு."

பிறகு அம்மா கையில் என் செல்போனைக் கொடுத்துச் சமையலறைக்கு அனுப்பினேன். உங்கள் ரிசீவரிலிருந்து அதைக் கூப்பிட்டேன்.

"கேக்குதுங்களாம்மா?"

"கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்குது."

ரிசீவரின் வாயைக் கையால் இறுக்கி மூடிக்கொண்டு பேசினேன். அதே கிணறு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் ரிசீவரில் பேசுவது போகவே இல்லை, வேறு எங்கிருந்தோ போகிறது. திரைக்கு மேலே மாட்டியிருந்த கேமராவை விரலால் தட்டினேன்.

"இப்ப டொக்கு டொக்குங்குது சாமி" என்றாள் அம்மா.

அந்தக் கேமராவை மாட்டியது நான். போன மே மாதம் லீவில் வந்தபோது, முகம் பார்த்துப் பேசலாம் என்று வாங்கி வந்தேன். மைக் எது என்று கம்ப்யூட்டர் கேட்ட இடத்தில் கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் திருப்பி மாற்றாமல் போய்விட்டேன். திரைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவீர்கள் என்பதால், அந்த மைக்கே உங்கள் குரலைப் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மோட்டார் ஸ்டார்ட்டருக்கு, மண்வெட்டிக்கு, மொபெட்டுக்கு வைத்த மாதிரியே கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். கேமராவை மட்டும் விடுவீர்களா? உங்கள் பாப்பா வாங்கித் தந்ததாயிற்றே. அதன் கண்ணுக்கு மேலே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில், கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்கிறீர்கள். மைக்கின் துளை அங்கேதான் இருக்கிறது. சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது.

உங்கள் மேல் தப்பில்லை அப்பா. நான் மைக்கை ஒழுங்காக மாற்றியிருந்தால் நீங்கள் கேமரா முழுக்கச் சந்தனம் பூசியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு மாதமாக ரிசீவரை வாயருகே பிடித்து, சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தொண்டை வறளக் கத்தினீர்கள். நீங்கள் பேசிய இடத்தில் கேட்க எதுவுமே இல்லை. அப்படி ஆக்கிவைத்தது நான்.

பட்டியலில் கேமராவை எடுத்துவிட்டு உங்கள் போனைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே ஒரு க்ளிக்.

"இப்ப பக்கத்துல நின்னு பேசறாப்ல இருக்குது சாமி" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். நான் ரிசீவரை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு எதையோ நோண்டிப் போட்டாருங்க. இல்லாட்டி கடைசியாப் பேசுனது பாப்பாவுக்குக் கேட்டிருக்கும்." நான் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போது எனக்கும் அதுதான் உண்மை. இப்போது தெரிந்த பிறகும் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மா என்னைத் திட்ட மாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்வேன் அப்பா. வெள்ளிக்கிழமைக்குள் அவளை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர் எதையும் தொடவில்லை, தொட்டது நான்தான் என்று சொல்வேன். சந்தனத்தைச் சுரண்டி எடுக்க மாட்டேன். இனி எட்டு மணிக்கு அம்மா கூப்பிடும்போது, சாப்பாடு ஆறிப்போனாலும் வேலைக்கு நேரமானாலும், அவள் சொல்லி முடிக்காமல் போனை வைக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னது மட்டும் எனக்கு இனி எந்த நாளும் கேட்காது.

நீங்கள் "சாமி" என்றது மட்டும் கேட்ட,
உங்கள் பாப்பா