கௌதாரிக்கு முன் நின்ற நாய்

திருவண்ணாமலை
15.2.1971

அன்புள்ள அம்மா,

நீ கீழ்பென்னாத்தூர் பாட்டி வீட்டுக்குப் போனபோது கைக்குள் அடங்கிய பாயிண்டர் நாய்க்குட்டி இப்போது என் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

போன மாதம் அப்பா அதைக் கௌதாரி வேட்டைக்குக் கூட்டிப்போனார். புதருக்குள் பறவையின் வாடை வந்ததும் அது முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டிச் சிலையாக நின்றது. அந்த ஜாதி நாய் அப்படி நின்றுதான் பறவை இருக்கும் இடத்தைக் காட்டும் என்று நூலகப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. முயல் துரத்தும் நாட்டு நாய்களை மட்டுமே அறிந்த அப்பா, "ஓடிப் புடிக்கத் துப்பில்ல, நாட்டியம் ஆடுது" என்று பெல்ட்டைக் கழற்றினார்.

புத்தகத்தைக் காட்டினேன்.

"பொட்டச்சி எனக்கு வேட்டை சொல்லித்தர வந்துட்டா. அப்படியே அவங்கம்மா."

நேற்று வேலூர் நாய்க் கண்காட்சியில் நடுவர் தொடக் கை நீட்டியதுமே அது தரையோடு ஒட்டிப் படுத்து நடுங்கியது.

"இதை யாருங்க அடிச்சது?" என்றார் நடுவர்.

"பொறந்ததுலேர்ந்தே கோழைங்க" என்றார் அப்பா. அந்த மைதானத்தில் கோழை ஒருவர்தான் இருந்தார். அது நாய் இல்லை.

இனிமேல் கோபப்பட மாட்டாராம். உன்னைத் திரும்பி வரச்சொல்லி எழுது என்று இந்த இன்லண்டு கடிதத்தை வாங்கித் தந்தார். நாயிடமும் அதையே சொல்லி பிஸ்கட் நீட்டுகிறார். அது கட்டிலடியை விட்டு வரவில்லை.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மல்லாட்டை மூட்டை ஏற்ற இங்கிருந்து கீழ்பென்னாத்தூருக்கு ஒரு வண்டி வருகிறது. நாயோடும் புத்தகங்களோடும் அதில் வருகிறேன். நீ வராதே.

உன் மகள்