திருப்பாமல் விட்ட பக்கம்

இன்று காலை கடையிலிருந்து வந்த சாமான்களில் கார்பாலிக் சோப்புக் கட்டி ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் கிடைக்காமல் போன சரக்கு. இப்போதுதான் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறது. காகிதத்தைப் பிரித்ததும் அந்த வாடை வீடு முழுவதும் பரவியது. ஆஸ்பத்திரி வாடை என்று மருமகள் மூக்கைச் சுளித்தாள். எனக்கு அது உன் கையின் வாடை. முழங்கை வரை தேய்த்துக் கழுவி, ஈரத்தை உதறியபடி எங்கள் பின்வாசலில் நுழைவாயே, அந்த வாடை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் வேறு யாராவதுதான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்தக் கவலை இப்போது இல்லை.

உன்னை எங்கள் வீட்டுக்கு யாரும் அழைக்கவில்லை. உன் கணவன் ஏலமலைக்குக் கூலிக்குப் போய், மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து, பதினெட்டு நாள் படுத்திருந்து இறந்தான். அதன்பிறகு ராயப்பன்பட்டியில் எந்த வீட்டில் நீண்டநாள் நோயாளி இருந்தாலும், வயல் வேலை முடிந்த பிற்பகல்களில் நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். வீட்டுப் பெண் குளிக்க வேண்டும், ஒரு வாய் சாப்பிட வேண்டும், சற்றுக் கண்ணயர வேண்டும், அதற்குத்தான் வருகிறேன் என்பாய். உன் கணவன் கிடந்த பதினெட்டு நாளும் உனக்கு அப்படி யாரும் வரவில்லை என்பதை நீ சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

வந்த முதல் நாளே என்னை மதினி என்றாய். மதுரையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். அன்று எங்கள் தெருவில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுப் பெண் உனக்கு எந்த முறையில் மதினி என்று கேட்டேன்.

"அண்ணன் எனக்கு அண்ணன்னா, அண்ணன் பொண்டாட்டி வேற என்னவாம்?"

உள்ளே கட்டிலில் நோயோடு கிடந்த என் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்றாலும் உன்னைத் திருத்துவதை நான் நிறுத்தவில்லை. சேற்றுக் காலோடு வராதே, டம்ளரைக் கவிழ்த்து வை, மருந்துப் புட்டியைச் சாய்க்காதே. எல்லாவற்றுக்கும் சரி என்பாய், பாதியை மறுநாள் மறந்துவிடுவாய். ஆனால் அவர் பக்கத்தில் உட்காரும்போது உன்னிடம் ஒரு பிழையும் இருக்காது. நோயைப் பற்றிக் கேட்கமாட்டாய். திராட்சைப் பந்தலில் எத்தனை கல்தூண், எந்தக் கொடி முந்திக் காய்த்தது என்று கேட்பாய். வலி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அவர் பாதத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாய். நான்தான் ஓடி வந்து, ஒன்றுமில்லை, இதோ போய்விடும் என்பேன். அடுப்படியில் ஒருநாள் நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "வலிக்கிறவுகளப் பாத்து ஒண்ணுமில்லைன்னா, அப்புறம் அவுக யார்ட்டப் போயி வலிக்குதும்பாக மதினி?" எனக்கு அது பிடிக்கவில்லை. கஞ்சியை வடிகட்டத் தொடங்கினேன்.

அந்தப் புரட்டாசியில் மதுரைக்குப் போய் அவரை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தோம். அப்போது தேனியிலிருந்து ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தது பின்னால்தான். ஐப்பசியில் டாக்டரின் கடிதம் வந்தது. ஒரே தாள், இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில். அவர் தலையணையில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் முழுக்கப் பரிசோதனை விவரம். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நான்கைந்து வரிகள்தான். வயிற்றில் இருப்பது புற்று. அறுத்து எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. இன்னும் மூன்று மாதம் இருந்தால் அதிகம். நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குடலில் புண், மருந்தும் பால்கஞ்சியும் ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று மாதத்தில் ஆறிவிடும் என்று எழுதியிருக்கிறார் என்று தமிழில் வாசித்தேன். கடிதத்தில் இருந்தவற்றில் மூன்று மாதத்தை மட்டும் மாற்றவில்லை.

அன்று பிற்பகல் உன்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று கிணற்றுத் தண்ணீரை உன் கையில் ஊற்றிச் சத்தியம் வாங்கினேன். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாய். உன்னிடம் சொன்ன பிறகுதான் என்னால் அழ முடிந்தது. அதையும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அழாதீக என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாசி என்றார். எடுத்து வாசித்தேன். முன்னைவிட நன்றாகவே வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் எனக்கு வேறொரு வேதனை தொடங்கியது. அதை உனக்கு நான் விளக்கிச் சொன்னதில்லை, நீயாகவே பார்த்துத் தெரிந்துகொண்டாய். எங்களில் ஒருவர் சாகக் கிடந்தால் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனமாகச் செய்த பாவங்களைக் கேட்டு, நற்கருணை அப்பம் கொடுத்து, எண்ணெய் பூசுவார். அவஸ்தைப் பூசுதல் என்போம். முன்னால் ஒருவர் மணியடித்துக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே முழங்காலில் நிற்கும். அந்த மணி என் வாசலில் நுழைந்தால் நான் வாசித்தது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நுழையாவிட்டால், அறுபது வருஷம் கோயிலைத் தவறவிடாத மனிதர் எதுவுமில்லாமல் போய்ச் சேருவார். ஞாயிறுதோறும் நான் பூசைக்குப் போய், பொய்யை மனதில் வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது என்று நற்கருணை வாங்காமல் திரும்பினேன். வெள்ளிக்கிழமை அழைக்கலாம், திங்கட்கிழமை அழைக்கலாம் என்று நாளைத் தள்ளினேன். அவர் மெலிந்துகொண்டே வந்தார்.

ஒருநாள் நடுப்பகலில் தெருவில் மணி கேட்டது. நான் வாசற்படியில் முழங்காலிட்டேன். மணி எங்கள் வீட்டைத் தாண்டி, தெருக்கோடி வீட்டுக் கிழவருக்குப் போனது. சாமியாரின் வெள்ளை அங்கி போவதை மட்டும்தான் நான் பார்த்தேன். உள்ளே அவர் முகத்தைப் பார்த்தது நீ. படுக்கையிலிருந்து எழ முயன்றாராம். மணி நெருங்க நெருங்க உன் கையைப் பற்றிக்கொண்டாராம். தாண்டிப் போனதும் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

நீ அடுப்படிக்கு வந்தாய். உட்காரவில்லை.

"மதினி, அண்ணனுக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்றேன்.

"எல்லாம். ரெண்டாந்தடவ கடுதாசி வாசிச்சீகளே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. நீங்களும் வாங்கியிருக்கீக. ரெண்டையும் இப்ப உடைச்சிட்டேன், அந்தப் பாவம் என்னோட போகட்டும். மணியக் கூப்பிடுங்க."

அப்போது நான் சொன்னதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. கஞ்சிக்கு வந்தவளை நடுவீட்டில் உட்கார வைத்தது என் தப்பு, இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். நீ கையிலிருந்த கிண்ணத்தைக் கழுவினாய், நான் சொல்லிக்கொடுத்தபடி கவிழ்த்து வைத்தாய், போனாய்.

நான் உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தார்.

"மொதத் தடவ தாளைத் திருப்பி வாசிச்ச. ரெண்டாந்தடவ தாள் திரும்புற சத்தமே கேக்கலையே. மடத்துல அம்மாமாரு இதச் சொல்லிக்குடுக்கலையா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் வலி வந்தது. வலிக்குது என்றார், முதல்முறையாக என்னிடம். ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பின்பக்கத்தை ஆங்கிலத்திலேயே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தமிழில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். கேட்டுவிட்டு, "மனுசன் நேராத்தான் எழுதியிருக்காரு" என்றார். என் மனசு தேறியிருக்கிறது என்று நினைத்துத்தான் அவரும் சொல்லாமல் இருந்தாராம்.

மறுநாள் காலை மணி எங்கள் வாசலில் நுழைந்தது. அதன்பின் பதினோரு நாள் இருந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் பேசாததையெல்லாம் அந்தப் பதினோரு நாளில் பேசினோம். இறந்துபோன எங்கள் மூத்த பிள்ளையின் பெயரை அவர் வாயால் அப்போதுதான் மறுபடி கேட்டேன். அந்த நாட்களை எனக்குக் கொடுத்தது நீ.

அந்த நாட்களில் அவர் உன்னை இரண்டு முறை கேட்டார். "ஆத்தா வரலையா?" என்றார். நீ மார்க்கையன்கோட்டைக்கு உன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றேன். நீயோ இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாய். ஆள் அனுப்பினால் வந்திருப்பாய். நான் அனுப்பவில்லை. அவ்வளவு நடந்த பிறகும் அவரிடம் ஒரு பொய் சொன்னேன், என் வீம்புக்காக. உன்னைப் பார்க்காமலே அவர் போனார்.

அடக்கத்தன்று வந்தாய். வந்த பெண்கள் ஒவ்வொருவரும் கட்டியழுதுவிட்டு, எப்படி ஆச்சு, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ ஒன்றும் கேட்காமல் என் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். வெயில் ஏறியபோது ஒரு செம்புத் தண்ணீர் என் கையில் வந்தது. குடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல், தெருவில் எதிர்ப்பட்டால் மதினி சௌக்கியமா என்பாய், நான் தலையசைப்பேன். நீ மற்ற வீடுகளில் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாய். மதுரையிலிருந்தோ வேலூரிலிருந்தோ டாக்டர் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். வீட்டாரிடம் நான் வாசிப்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழுவதும் வாசிக்கட்டுமா என்று அவரையே கேட்கிறேன். வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன மாசியில் உனக்குக் கால் வீங்கி மூச்சு முட்டுகிறது, தம்பி வந்து கூட்டிப்போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். வண்டி கட்டிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு வந்தேன். தம்பி மனைவியைக் குளித்துச் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு உன் காலடியில் உட்கார்ந்தேன். எங்கள் திராட்சைப் பந்தலில் இருபத்தாறு கல்தூண் என்றாய். அண்ணன் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலி குறையும் என்பதையும், நான் வடித்த கஞ்சியில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதல் என்பதையும் சொல்லிச் சிரித்தாய். ஒன்றையும் நீ மறந்திருக்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன். அன்று அடுப்படியில் நான் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள் என்றேன். யாரிடமும் கேட்டுப் பழகாதவள் என்பதால் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை.

நீ மூச்சை இழுத்துப் பிடித்து என்னைப் பார்த்தாய்.

"என்ன சொன்னீக? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே மதினி."

நீ என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். பொய் வாசிக்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன் காலில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். யார் எது பிழையாகச் சொன்னாலும் திருத்தாமல் விடாதவள், உன்னைத் திருத்தவில்லை. நீ சொன்னது சொன்னபடியே என்னிடம் இருக்கிறது.