இரண்டாவது எஸ்

திரையில் அந்தச் சிவப்பு எழுத்து மறுபடி வந்து நிற்கிறது: 'கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்.' இதைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. கூடவே எரிச்சலும்.

பெரம்பலூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் முடித்த கையோடு முதல் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோமே, அன்றும் இதே வாக்கியம்தான். உனக்குக் கடைசிப் பெயர் ஏது? உன் பெயர், அப்பாவுக்காக ஒரு எஸ், அவ்வளவுதான். "எங்கப்பாவ உள்ள வுட மாட்டேங்குதுடி இது" என்று சிரித்தாய். அரியலூர் போய் திருமானூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் உனக்கு. நான்தான் சொன்னேன்: "இன்னொரு எஸ் போட்டுட்டுப் போவியா, யாரு பாக்கப் போறா?"

பார்த்தார்கள். தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி, சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் பெயர் பொருந்தவில்லை என்று உன்னை நிறுத்திவிட்டார்கள். பிழை கண்டுபிடிக்கப் படித்த நாமே சேர்ந்து செய்த பிழை அது. "வுடுடி, அடுத்தது பாத்துக்கலாம்" என்றாய். அடுத்தது வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம் நீ.

எனக்கு வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. பெரம்பலூரிலேயே ஒரு சின்ன ஆபீஸ். வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு இணையதளத்தைச் சோதிக்கிறோம். அதிலும் இதே கோளாறு! பிழை, எங்கள் பாஷையில் 'பக்', என்று பதிவு செய்தேன். எங்கோ இருக்கும் டெவலப்பர், 'இது பிழையில்லை, இப்படித்தான் வடிவமைத்தோம்' என்று எழுதி அந்தப் பதிவை மூடிவிட்டார். திறந்தேன். மூடினார். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார். எங்கள் டீம் லீட் சாரிடம் போனேன்.

"சின்ன விஷயங்க இது. இன்னொரு எழுத்த சேத்து அடிச்சுட்டுப் போறாங்க, யாரு பாக்கப் போறா?"

என் வார்த்தையையே என்னிடம் சொல்கிறார் மனுஷன். அவர் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றைக் 'கே'தான்.

"சார், உங்க பேரையே இதுல அடிச்சுப் பாருங்களேன்." குரல் கொஞ்சம் கூடிவிட்டது எனக்கு.

அவர் அடிக்கவில்லை. "உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஞாபகம் இருக்கிறது. இருந்தும் இன்று மூன்றாவது முறையாக அதைத் திறந்துவிட்டேன். சோதனைக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் அடிக்கலாம்; நான் உன் பெயரைத்தான் அடிக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் உன் அப்பாவுக்காக ஒரே ஒரு எஸ். வேலையே போனாலும் இன்னொரு எஸ் போட மாட்டேன்டி.