நான் கொட்டிய பச்சை உறை

என் பாசிக்காரருக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு என்ன கடிதம்? 'என்னங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் தோப்பிலிருந்து பச்சைக் கையோடு வந்து நிற்பீர்கள். இப்போதும் மத்தியானத்தில் மலைக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை உரசும்போது, பாதித் தூக்கத்தில் அப்படித்தான் கூப்பிட்டுவிடுகிறேன். நீங்களும் வருகிறீர்கள். கையைத் துடைக்காமலே கட்டில் ஓரத்தில் உட்காருகிறீர்கள். கண்ணைத் திறந்தால் போர்வையில் ஒரு கறையும் இல்லை.

உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். கனவில் வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன், வாய் வராது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம். வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆனைக்கரையில் எங்கள் ஏலக்காட்டுக்கு நடுவே, குழி வெட்டிப் படுதா விரித்து மழைத்தண்ணீர் பிடித்துவைக்கிற குளம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த நீங்கள், பேராசிரியருக்காகத் தண்ணீர் எடுக்கப் பாட்டிலோடு வந்திருந்தீர்கள். மூலையில் மிதந்த பச்சை ஆடையை விரலால் வழித்து, நோட்டுத் தாளில் தேய்த்து, மோந்து, பிறகு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். எங்கள் அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை.

"என்ன தம்பி, பாசியப் போயி மோந்து பாத்துக்கிட்டு இருக்கீக?"

"இதுல எண்ணெய் இருக்குதுங்க ஐயா. வெயிலத் தின்னு எண்ணெயாக்கி வெச்சுக்குதுங்க."

"அப்ப நாங்க ஏலக்காய விட்டுட்டுப் பாசி வெளைய வைக்க வேண்டியதுதான்" என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பஜ்ஜி வைத்த தாளில் இருப்பது போல அந்தத் தாளில் ஓர் எண்ணெய்க் கறை இருந்ததை நானும் பார்த்தேன். இரண்டாம் முறையும் தண்ணீர் எடுக்க வந்தீர்கள். மூன்றாம் முறை வந்தபோது கையில் பாட்டிலே இல்லை. அப்பாவுக்கு அன்றுதான் விஷயம் விளங்கியது.

செபமாலை சொல்லும் வீட்டிலிருந்து, மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும், மலையாள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை கேட்ட சீதனம் ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீர் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. உங்கள் அக்கா ருக்குமணி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மதினி என்று கூப்பிட்டேன். அவர் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. யாராவது கேட்டால், "மலைல இருந்து வந்த புள்ளைங்க" என்பார். பத்து வருஷம் கழித்துக் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

அந்தப் பாட்டில் தண்ணீர்தான் நம் ஜன்னல் ஜாடியானது. ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி, அதில் ஊற்றி, அடுக்களையின் கிழக்கு ஜன்னலில் வைத்தீர்கள். "தயிருக்கு உறை மாதிரி ஸ்டெல்லா. தோப்புல இருக்கறதெல்லாம் கெட்டாலும், இதுல ஒரு கரண்டி இருந்தாப் போதும்." அதிலிருந்து கேன்களுக்குப் போனது, கேன்களிலிருந்து தோப்பில் விரித்த படுதாத் தொட்டிக்குப் போனது. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற சின்ன மோட்டார் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நான் எத்தனை மத்தியானம் தூங்கியிருக்கிறேன்.

உங்கள் பாசி சுத்தச் சோம்பேறி. சாதாரணப் பாசி ஒரே நாளில் தொட்டியை நிறைக்கும். உங்களுடையது ஒன்று இரண்டாவதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். "எண்ணெய் இருக்கறவனுக்கு என்ன அவசரம்" என்பீர்கள். நன்றாக மிதந்ததை மட்டும் வழித்து, அதையே அடுத்த உறையாக்கி, வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது அது. பொறுமையில் நீங்களும் அதுவும் ஒரே ஜாதி.

உங்கள் ஆசையும் சின்னதுதான். தோப்பில் கிடக்கும், தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் என்ஜின், ஒரு தென்னைக்கு வட்டப்பாத்தி நிறையும் நேரமாவது பாசி எண்ணெயில் ஓட வேண்டும். "பூமிக்கடியில கெடக்கற எண்ணெயும் ஒரு காலத்துப் பாசிதான். அது பழைய வெயில், நம்முளுது நேத்து வெயில்" என்று சொல்லிக்கொண்டே தொட்டியைக் கலக்குவீர்கள். எனக்கு அது பாதி புரியும், பாதி தூக்கமாக வரும். இப்போது யாராவது திரும்பச் சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

அன்று காலையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். பிறகு எழவே இல்லை. நமக்குப் பிள்ளை இல்லை, உங்கள் பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார்.

உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். மதினி கொண்டையை முடிந்துகொண்டு வாசலில் நின்று சொன்னார்.

"சாவு ஊட்டுத் தண்ணி ஆகாது. கொடம், அண்டா, தொட்டி, ஒண்ணு பாக்கியில்லாம கொட்டோணும். ஒரு சொட்டுப் பழைய தண்ணி ஊட்டுல இருக்கப்படாது."

ஆளுக்கொரு குடத்தைத் தூக்கினார்கள். தோப்பில் யாரோ கேன்களைக் கவிழ்த்தார்கள், படுதாத் தொட்டியின் ஒரு பக்கத்தை இறக்கிவிட்டார்கள். பச்சைத் தண்ணீர் வாய்க்காலில் நிதானமாகப் போனது. எங்கள் பக்கம் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. செபம் சொல்வோம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம், தண்ணீர் பாட்டுக்குக் குடத்தில் இருக்கும். ஆனால் அன்று எனக்கு ஒரு பயம் வந்தது. நீங்கள் இல்லாத அந்த வீட்டில் நான் யார்? முறை தெரியாதவள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று எழுந்தேன். அடுக்களைக்குப் போய், ஜன்னலில் இருந்த ஜாடியை எடுத்து, வாசலில் கவிழ்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் வைத்தேன்.

கேட்டீர்களா? உங்கள் உறையைக் கொட்டியது நான்தான். அந்த ஜாடியைக் கொட்டு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானே கொட்டினேன்.

என்ன செய்தேன் என்பது மூன்றாம் நாள் காலையில்தான் உறைத்தது. அடுக்களைத் தரையில் தினமும் ஒரு கை அகலத்துக்குப் பச்சை வெளிச்சம் விழும் இல்லையா, அந்த இடத்தில் வெறும் வெயில் விழுந்து கிடந்தது. உங்களை எடுத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. துக்கத்துக்கு அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

கருமாதி முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு, பொள்ளாச்சி, தேனி, கம்பமெட்டு என்று பஸ் மாறி மாறி ஆனைக்கரைக்குப் போனேன். மூல உறை அங்கேதானே இருந்தது? குளக்கரைக்கு ஓடினால், படுதா புத்தம் புதிய நீலத்தில் பளபளக்கிறது.

"பழசு கிழிஞ்சு போச்சுக்கா" என்றான் என் தம்பி அந்தோணி. "போன கோடையில மாத்துனோம். தண்ணி பூராத்தையும் எறைச்சு, பிளீச்சிங் பொடி போட்டுக் கழுவிட்டுத்தான் விரிச்சோம்."

அவன் மேல் என்ன தப்பு? பொறுப்பான பிள்ளை, பொறுப்பாகத்தான் செய்திருக்கிறான். பக்கத்துக் காட்டுக் குளங்களில் எல்லாம் ஏறி இறங்கி, வழித்து வழித்துத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். தாள் நனைந்தது, காய்ந்தது, கறை விழவில்லை. ஏலச்செடிகளுக்குள்ளிருந்து பனி கிளம்பி வந்து குளத்தை மூடிக்கொண்டது. அதன் அந்தப் பக்கம் நீங்கள் பாட்டிலோடு நிற்கிறீர்கள் என்றே தோன்றியது. "இல்லைங்க, கிடைக்கலைங்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

திரும்பி வந்த பிறகு தோப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பழைய இரும்பு எடுக்கிறவர் இரண்டு முறை வந்து என்ஜினைக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் காரணம் இல்லை.

இந்த வருஷம் உங்கள் திதிக்கு முந்தின நாள், மதினி கறிகாய் நறுக்க வந்தார். பூசணிக்காயைக் கீறிக்கொண்டே, "அந்தப் பச்சைத் தண்ணி எங்க? மறுபடி வெக்கவே இல்லையா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்கதான மதினி கொட்டச் சொன்னீக" என்றேன்.

அரிவாள்மனை நின்றது. சொன்ன பிறகு, அது பாதி உண்மைதான் என்று எனக்கே சுட்டது. "ஜாடிய நாந்தான் கொட்டுனேன். யாரும் சொல்லல. முறை தெரியாதவன்னு நீங்க சொல்லிருவீகளோன்னு பயந்துபோயிக் கொட்டுனேன். அதுதான் உறை. அது இல்லாம ஒண்ணுமே வைக்க முடியாது."

மதினி பூசணி விதைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"எனக்கு என்ன தெரியும் கண்ணு, வெறும் தண்ணின்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உன்ன நிறுத்தியிருப்பனே. அது போவுட்டும். எங்கூட்டுல ஒண்ணு இருக்குதே, அது ஆவாதா?"

"என்ன இருக்கு?"

"உம் புருஷன் குடுத்ததுதான். 'அக்கா, உறை ஒரே ஊட்டுல இருக்கப்படாது, நீ ஒண்ணு வெச்சுக்கோ. வெயில் படட்டும், இறுக்கி மூடாதே'ன்னு குடுத்துட்டுப் போனான். தண்ணி கொறையக் கொறைய, துளசிக்கு ஊத்தறப்ப அதுக்கும் கொஞ்சம் ஊத்திட்டிருக்கறேன். என்னத்துக்குன்னு கேக்கல. தம்பி குடுத்தது, ஊத்தோணும், ஊத்தறேன்."

பூசணியை அப்படியே போட்டுவிட்டு, இருவரும் செருப்புகூடப் போடாமல் அடுத்த தெருவுக்கு நடந்தோம். மதினி வாழ்க்கைப்பட்டுப் போன வீடு வேறு வீடு, உங்கள் சாவுக்கு அங்கே யாரும் தண்ணீர் கொட்டவில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரின் மேல், துளசிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடி ஜாடி. மேலே பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஓர் ஆடை அசையாமல் மிதந்தது. மதினி நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். தேய்த்துவிட்டு, காயும்வரை இருவரும் வெயிலில் நின்றோம். ஈரம் போனது, கறை போகவில்லை. தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அந்தக் கறை வழியாக மதினியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

புதிதாகப் பால் கறக்க வந்தவர் திகைத்துப்போய், "ஏனுங்கம்மா, யாருங்க இது, இப்பிடி அழுவறாங்க?" என்றார்.

"எந் தம்பி பொண்டாட்டி" என்றார் மதினி.

ஏன் என்னிடம் சொல்லாமல் அவரிடம் கொடுத்தீர்கள்? சொல்ல மறந்தீர்களா? இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது வாய் திறந்து பேசிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தீர்களா? கனவில் கேட்டால் சிரித்துவிட்டுத் தொட்டியைக் கலக்கப் போய்விடுகிறீர்கள்.

இப்போதைய சேதி இதுதான். அடுக்களைத் தரையில் மறுபடியும் பச்சை வெளிச்சம் விழுகிறது. தோப்பில் நாலு கேன் வைத்திருக்கிறோம், மோட்டார் முணுமுணுக்கிறது, மதினி அதன் பக்கத்தில் கட்டில் போட்டுக் குறட்டை விடுகிறார். ஆனைக்கரைக்கும் ஒரு ஜாடி போயிருக்கிறது. அந்தோணி அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறான். காயவைத்த ஆடையை உங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். எண்ணெயைப் பிரித்துக் குப்பியில் தந்தார்கள். அடியில் கொஞ்சம்தான், தேன் நிறத்தில் இருக்கிறது. என்ஜினுக்கு அது ஒரு தும்மலுக்குக்கூடக் காணாது. பரவாயில்லை, எங்களுக்கும் அவசரம் இல்லை. இரும்புக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஜாடியின் மேல், நான் செத்தாலும் இதைக் கொட்டக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று மதினி படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எம் பேரையும் போடு. ருக்குமணி சொன்னதுன்னு எழுது. அப்பத்தான் சனம் கேக்கும்" என்றார்.

எழுதிவிட்டேன். இனி நம் வீட்டில் எந்தச் சாவுக்கும் உங்களை யாரும் கொட்ட மாட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தீர்களே ஒரு தென்னை, அதன் பாத்தி ஒரு நாள் இந்த எண்ணெயில் ஓடும் என்ஜின் இறைத்த தண்ணீரில் நிறையும். என் கையால் ஆகாவிட்டால், உறை இருக்கிற மூன்று வீடுகளில் ஏதோ ஒரு கையால் ஆகும். அன்று 'என்னங்க' என்று கூப்பிடுவேன், கையைத் துடைக்காமலே வாருங்கள்.

ருக்குமணியின் தம்பி பொண்டாட்டி,
ஸ்டெல்லா