கீழே கிடந்த பச்சைக் குலைகள்

அன்புள்ள தாரியோவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் மாதாவின் காவலில் இருக்க வேண்டுமென்று உங்களுக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை தனியாகச் சொல்கிறேன். அடிலெய்டில் இப்போது குளிர் என்றாயே, குழந்தையின் காதை மூடியே வை.

புனித அன்னம்மாள் திருநாளுக்கு நம் பங்குக் கோயிலிலிருந்து பஸ் வைத்துத் திராட்சை மலைப்பக்கம் போனோம். அப்பாவை அழைத்துப் போகலாமா என்று நாலு நாள் யோசித்தேன். நம் திராட்சைத் தோட்டத்தை விற்று இந்த மூன்றாம் மாடிக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு கொடியைக் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்தால் கொஞ்சம் தெளிவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை, வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் மறந்துபோன பேர்களை எழுதி வருகிறேன், இதுவரை பதினேழு. உன் பேர் இன்னும் அதில் ஏறவில்லை.

காலையில் நன்றாகத்தான் இருந்தார். சன்னலோரம் உட்கார்ந்து, "இவனுக்கு வெட்டத் தெரியல, அவன் மருந்தை அள்ளி அடிச்சிருக்கான்" என்று ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே வந்தார். முன் சீட்டு ஓர்னெல்லா அப்பா பக்கம் திரும்பி, "செகோந்தோ அண்ணே, இறங்கி நீங்களே வெட்டிக் குடுத்துட்டு வாங்களேன், நாங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கோம்" என்றாள், அவரும் சிரித்தார். பரோலோ ஊருக்கு மேலே ஒரு பெரிய தோட்டத்தில் மதியச் சாப்பாடு. மேசையில் ஆறேழு வகை ஒயின், சுவைத்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரம். அப்பா அதைக் காட்டி, "துப்புறதுக்கா இவ்வளவு பாடுபட்டு செய்யறீங்க?" என்று ஊற்றிய பெண்ணிடம் கேட்க, கூட வந்த பங்குச் சாமியாருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நானும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவின் நாற்காலி காலி.

கொடி வரிசைக்குள் மண்டியிட்டிருந்தார். மிச்சக் குலை நன்றாகப் பழுக்கட்டும் என்று இப்போதெல்லாம் பாதிப் பச்சைக் குலையை ஜூலையிலேயே வெட்டித் தரையில் போட்டுவிடுகிறார்கள். நம் வீட்டில் அப்படிச் செய்ததே இல்லை, உதிர்ந்த மணியைக்கூடப் பொறுக்கியவர் உன் அப்பா. ஆலங்கட்டி அடித்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். கோட்டைக் கழற்றி விரித்து, அதில் குலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, "எப்ப அடிச்சுது? ஏன்டி என்னை எழுப்பல?" என்று கேட்டார். ஆலங்கட்டி இல்லை, இது நம் தோட்டமும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "அடியே, மறுபடியும் அடிக்கப்போகுது, நின்னு பேசாம பொறுக்கு" என்றார். பொறுக்கினேன், வேறென்ன செய்ய. சாமியார் வந்து கெஞ்சினார். கையைப் பிடித்த டிரைவரை அப்பா தள்ளிவிட்டார். "என் மவன் வண்டி கொண்டாருவான், அவன் வராம நான் நகரமாட்டேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேர் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று டிரைவர் கேட்டார். முதியோர் இல்லத்தில் சேர்க்கும் காகிதத்தை டாக்டர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கிறார், ஆம்புலன்ஸில் ஏறினால் அப்பா வீட்டுக்குத் திரும்பமாட்டார் என்று எனக்குப் பயம். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "தாரியோ வந்துட்டான், பஸ்ஸுல உக்காந்திருக்கான், வாங்க."

கோட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஏறியதும் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி சீட்டுவரை போய்க் கொஞ்ச நேரம் நின்று, "வண்டி எடுக்க இறங்கிட்டான் போல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, நான் சொன்ன அந்தப் பொய்யையும் ஒரு பாவமாக ஒப்புக்கொண்டேன். சாமியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. குலைகள் பால்கனியில் வாடிக் கிடக்கின்றன, எறிய விடமாட்டேன் என்கிறார் அப்பா. உன் வேலையும் தூரமும் எனக்குத் தெரியும், வா என்று நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசும்போது அன்றைக்கு எங்கே போனாய் என்று கேட்பார். வண்டி எடுக்க இறங்கினேன் என்று சொல்லிவிடு. எப்போது கொண்டுவருவாய் என்றும் கேட்பார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீயே யோசித்து வை.

அன்னம்மாள் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு மறந்துவிடாதே, காலையிலிருந்தே கோட்டைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

உன் அம்மா
இர்மா