கிணற்றுக்குள் புகை நின்றது

4-5-81, திங்கள்
காலையிலேயே முதுகு எரிகிற வெயில். கிணற்றில் தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது. தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினையும் உள்ளே கீழ்ப்பாறை மேடைக்கு இறக்கியாயிற்று. இனி ஓட்ட, நிறுத்த, ஒவ்வொரு தடவையும் இவர் படியிறங்க வேண்டும். மேலே வந்தால் மூக்கெல்லாம் கரி, இருமல். எனக்கு இடுப்பு வலி. மரவள்ளிக்குப் பாதிதான் பாய்ந்தது.

6-5-81, புதன்
சேலத்திலிருந்து தம்பி வந்தான். காலேஜில் எஞ்சின் பாடம் எடுக்கிறவன். டீசலில் ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், கலந்து ஓட்டிப் பார்க்கிறானாம். அதற்கு அக்கா வீட்டுக் கிணறுதான் கிடைத்தது. ஆனால் நிஜமாகவே கரும்புகை போய்விட்டது. இவருக்கு வாயெல்லாம் பல்.
"ஏம்புள்ள, உன்ற தம்பி கெட்டிக்காரந்தான்."
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பிறந்த வீட்டுக்கு முதல் பாராட்டு.
கண் லேசாக எரிகிறது என்றும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.
வாங்க வேண்டியது: உப்பு, சீயக்காய், விளக்குத் திரி.

7-5-81, வியாழன்
எழுதக் கை ஓடவில்லை.
முந்தாநாள் வரை எஞ்சினை ஓட்டிவிட்டதும் புகை விரட்டும், இவர் மேலே ஓடி வந்துவிடுவார். இன்று புகை இல்லை. உள்ளே நல்ல குளிர்ச்சி. மேடையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கஞ்சிக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் அசைவும் இல்லை. அலறினேன். தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி எஞ்சினை நிறுத்தினான். பக்கத்துக் காட்டுக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். வாந்தி, தலைவலி. பிழைத்தார்.
தம்பி முகம் வெளுத்துப்போய்: "கண்ணுக்குத் தெரியாத வெசக்காத்துங்க்கா. வெறும் டீசல்லயும் வரும். ஸ்பிரிட் கலந்து, லோடு கம்மியா ஓடுனா இன்னும் கூடும். பொகை கொறைஞ்சா அதும் கொறைஞ்சுதுன்னு அர்த்தமில்லீங்க்கா."
"மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"
"மாமா அங்கயே படுப்பாருன்னு நெனைக்கலீங்க்கா."
கோபம். கத்தத் தெம்பில்லை.

9-5-81, சனி
மேகம். மழை இல்லை. தம்பி நேற்றே ஊருக்குப் போய்விட்டான். இவர் எழுந்து நடமாடுகிறார். சும்மா இருந்தால்தானே.
"செடி வாடுது. அந்த ஸ்பிரிட் கேன்ல மிச்சம் இருக்குதல்ல, ஊத்து."
"தம்பிகூடவே குடுத்தனுப்பீட்டனுங்க. வெறும் டீசல்தான்."
முறைத்தார். இறங்கினார். கிணற்று மேட்டில் நின்றேன். எஞ்சின் சத்தம். குபுகுபுவென்று கரும்புகை. அதன் பின்னாலேயே இவர், கண்ணைக் கசக்கி, இருமி, என் வம்சத்தையே திட்டிக்கொண்டு.
திட்டட்டும். மேலே வந்துவிட்டார்.