ஏலம் விட்ட பதினோரு வருஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மீன் கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்குக் கடைசி இரண்டு பேரில் நானும் ஒருத்தி. மேலாளர் ஷீபா மேடமே இன்று காலை சொன்னார். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் இங்கே கொச்சிக் கம்பெனிக்கு வந்த கானாங்கெளுத்திப் பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீரைப் பார்த்தே, அடியில் பழைய மீன் என்றேன். கொட்டிப் பார்த்தார்கள், உண்மைதான்.

மேடம் என் விண்ணப்பத்தை எடுத்து, "பதினோரு வருஷம் வீட்ல சும்மா இருந்தியா, மோளே?" என்றார். வைத்திக்குப்பம் கரையில் தினமும் மீன் ஏலம் விட்டவள், ரேஷன் கார்டில் இருப்பதுபோல் 'குடும்பத் தலைவி' என்று எழுதிவைத்திருந்தேன்.

ஏலம் விட்டதைச் சொன்னேன்; அதற்கு ஊர்ப் பஞ்சாயத்தாரின் அனுபவச் சான்று கேட்கிறார்கள். படிவம் இத்துடன் இருக்கிறது. "பொம்பளைக்கு எதுக்கு தங்கச்சி சான்று?" என்று பஞ்சாயத்துத் தலைவர் பாவாடை மாமா சிரிப்பார். வாங்காமல் எழுந்து வராதே.

குழம்புத்தூள் அரைக் கிலோ அனுப்பு. நீ ஏலம் கூவுவதை ஒரு நாள் போனில் பதிந்து அனுப்பு. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

பஞ்சாயத்து ஞாயிறு கூடுகிறது. சான்று அடுத்த வெள்ளிக்குள் கொச்சி வரவேண்டும். உனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல். நீ ஏலம் விட்டது முப்பது வருஷம்.

கார்குழலி